துணி அறையில் ஒருத்தி

ஜனவரி 9

அன்புள்ள பொடிசுக்கு,

இங்கே என் இடுப்பைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் மருமகளும் எப்படி இருக்கிறீர்கள்? ஐம்பதைத் தொட்டவளைப் பொடிசு என்று கூப்பிடாதே என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். தொண்ணூறைத் தொட்டாலும் நீ எனக்குப் பொடிசுதான்.

போன வாரம் பஸ்ஸில் ஏறி டிக்கெட் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். கடைசி சீட்டில் ஒருவன் ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிக்கெட் எடுக்காதவனுக்குத்தான் வானம் அவ்வளவு அழகாகத் தெரியும். கேட்டால், கீழே விழுந்துவிட்டது என்றான். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன் நான். "எங்க விழுந்துச்சு, நானே பாக்கறேன்" என்று சீட்டுக்கு அடியில் குனிந்தேன். அவ்வளவுதான். வலது புட்டத்தில் தொடங்கித் தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்கால் வழியாகச் சுண்டுவிரல் வரைக்கும் மின்சாரம் ஓடியது. நிமிர முடியவில்லை. டிரைவரும் கண்டக்டரும் என்னை மடக்கிய குடை மாதிரி இறக்கினார்கள். இதில் பெரிய அநியாயம் என்னவென்றால், டிக்கெட் உண்மையிலேயே கீழேதான் கிடந்தது.

இப்போது படுத்தால் வலி, உட்கார்ந்தால் அதைவிட வலி, தும்மினால் உயிர் போகிறது. டிப்போவில் ஒருவனும் நம்பவில்லை. என்னோடு வேலை பார்க்கும் மீசைக்காரர் வீட்டுக்கு வந்து கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "புது ரூட் போட்டதும் உங்களுக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சே, என்ன பொருத்தம்!" என்றார். ஊரையே சந்தேகப்பட்டவனை ஊரே சந்தேகப்படுகிறது.

உன் அண்ணி டாக்டரிடம் போகச் சொல்கிறாள். மீசைக்காரருக்குத் தெரிந்த ஒருவர் காலைப் பிடித்து இழுத்து, இடுப்பில் நெட்டி எடுத்து ஒரே நாளில் எழுப்பிவிடுவாராம். நீ என்ன சொல்கிறாய்? போனில் கேட்கலாமே என்பாய். போனில் நீ போடுகிற "ம்" உண்மையா பொய்யா என்று எனக்குத் தெரிவதில்லை. எழுத்தில்தான் ஆள் சிக்குவார்.

வலியுடன்,
அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. சிரித்ததற்கு முதலில் மன்னித்துவிடு. நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மகளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை நிரந்தரமாகிவிட்டது. எனக்கு எப்போதும்போல விடுதியின் துணி அறைதான். விரிப்பு, துண்டு, தலையணை உறை. மடித்து வைத்தால் மறுபடி அழுக்காகி வருகின்றன.

நெட்டி எடுப்பவரிடம் போகாதே. அழுத்தத்தில் இருக்கிற நரம்பை இழுத்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டரிடம் போ. அதுவரை நாள் முழுக்கப் படுத்துக் கிடக்காதே, இடுப்பு இறுகிவிடும். கொஞ்சம் நட, கொஞ்சம் படு. ஒருக்களித்துப் படுத்து இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வை. தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலை லேசாக மடக்கிக்கொள், அந்தக் குத்தல் பாதியாகும். செருப்பு மாட்டக் குனியாதே. உட்கார்ந்து காலை மேலே கொண்டு வா.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதே. உட்காரும் இடம் மரத்துப் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதே. அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போ.

அண்ணியை ரொம்பப் படுத்தாதே.

தங்கை


பிப்ரவரி 3

அன்புள்ள பொடிசுக்கு,

உன் கடிதம் வருவதற்கு ஒரு நாள் முன்னால் நெட்டி எடுப்பவரிடம் போய்விட்டேன். ஒரு காலை அவர் பிடித்தார், இன்னொரு காலை அவருடைய மச்சான் பிடித்தான். நடுவில் நான் கயிறு. "சத்தம் கேட்டுதா? எலும்பு உக்காந்துடுச்சு" என்றார். எலும்பு உட்கார்ந்ததோ இல்லையோ, நான் நாலு நாள் எழுந்திருக்கவில்லை.

பிறகு டாக்டர். பேச்சே கிடையாது, எதற்கும் "ம்"தான். நான் வைத்த பெயர் ஊமை டாக்டர். குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார், முட்டியில் சின்னச் சுத்தியலால் தட்டினார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கினார். கத்தினேன். "ம்" என்றார். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். சயாட்டிகா என்று பெயராம்.

"ஸ்கேன் எடுக்கணுமா?"

"இப்ப வேணாம்."

"ஆபரேஷன்?"

"தேவைப்படாது. மாத்திரை சாப்பிடுங்க, நடங்க, பயிற்சி பண்ணுங்க. நிறைய பேருக்குச் சில வாரத்துல, சில மாசத்துல தானா அடங்கிடும்."

பொடிசு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வெட்ட மாட்டேன் என்கிற டாக்டரை நீ பார்த்திருக்கிறாயா? வெட்டினால் பயனில்லை என்கிற அளவுக்கு என் உடம்பில் என்ன இருக்கிறது? நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது உன் அண்ணியிடம் தனியாக ஏதோ சொன்னார். கேட்டால், "மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் குடுக்கச் சொன்னார்" என்கிறாள். அதைச் சொல்ல அவ்வளவு நேரமா?

இன்னொன்று. நேற்று சமையலறையில் அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "கால் எப்படி இருக்கு? மரத்துதா?" என்றவள், என் நிழலைக் கண்டதும், "அப்ப வெங்காயம் என்ன விலை விக்குது?" என்றாள். வெங்காயத்துக்கு எப்போது கால் முளைத்தது? எதிர்முனையில் நீதானே? என் காலைப் பற்றி நீங்கள் இருவரும் எனக்குத் தெரியாமல் என்ன பேசுகிறீர்கள்?

கடைசியாக ஒரு கேள்வி. துண்டு மடிக்கிறவளுக்குத் தும்மும்போது முழங்காலை மடக்க வேண்டும் என்று யார் சொல்லிக்கொடுத்தது? செய்து பார்த்தேன், வலி குறைகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறேன். மகள் உன்னை விசாரித்தாள். ஊமை டாக்டரை எனக்குப் பிடித்துவிட்டது. அவர் சொல்வதைக் கேள். வெட்டாமல் சரியாகும் என்று ஒரு டாக்டர் சொன்னால் சந்தோஷப்படுகிற உலகத்தில் நீ ஒருத்தன்தான் அழுகிறாய்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாய். எங்கள் துணி அறையில் ஒருத்திக்கு இதே வலி, உனக்கு முந்தியே. ஈர விரிப்பு மூட்டையைத் தூக்கித் தூக்கி வந்தது. பக்கத்திலேயே இருப்பதால் எல்லாம் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவளும் முதலில் தைலம் தேய்த்தாள், பெல்ட் கட்டினாள், மாத்திரை போட்டுக்கொண்டு மூட்டை தூக்கினாள். பிறகு முதுகில் நரம்புக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போட்டார்கள். ஊசி போட்ட அன்று, வலி போய்விட்டது என்று சின்னப்பிள்ளை மாதிரி மாடிப்படி ஏறி இறங்கினாளாம். சில வாரம் நன்றாக இருந்தாள். மறுபடி வந்துவிட்டது. ஊசி சிலருக்கு நிற்கும், சிலருக்கு நிற்காது. உடம்புக்கு உடம்பு வேறு.

அண்ணியும் நானும் பேசுவது வெங்காயத்தைப் பற்றித்தான். நம்பு.

தங்கை


மார்ச் 1

அன்புள்ள பொடிசுக்கு,

நம்பு என்று எவர் எழுதினாலும் அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டு மறுபடி படிப்பது என் வழக்கம். படித்தேன். நம்பவில்லை. மற்றபடி சுகம். உங்கள் சுகத்தையும் எழுது.

பயிற்சி சொல்லித்தர ஒரு பெண்ணிடம் அனுப்பியிருக்கிறார்கள். மருமகள் வயதுதான் இருக்கும், ஆனால் அதட்டல் நம் அம்மா மாதிரி. குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றி, தலையைத் தூக்கச் சொல்கிறாள். பாம்பு படம் எடுப்பது மாதிரி. செய்யச் செய்ய, பாதத்தில் இருந்த வலி முட்டிக்கு ஏறியது. பிறகு தொடைக்கு. இப்போது புட்டத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

"ரொம்ப நல்லது சார். வலி கீழே இருந்து மேலே ஏறினா நரம்பு விடுபடுதுன்னு அர்த்தம்."

"ஏம்மா, கடைசி சீட்டுல இருந்தவன் முன் சீட்டுக்கு வந்துட்டா டிக்கெட் எடுத்துட்டான்னு அர்த்தமா?"

சிரித்தாள். "இறங்கப் போறான்னு அர்த்தம் சார்" என்றாள். நல்ல பதில்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இத்தனை பேர் என்னிடம் இவ்வளவு அன்பாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உன் அண்ணி இரண்டு வாரமாக என்னோடு ஒரு சண்டைகூடப் போடவில்லை. சாகப்போகிறவனிடம்தான் ஒரு பெண்டாட்டி இப்படி நடந்துகொள்வாள்.

உனக்குப் போன் செய்தேன், என் கொள்கையை விட்டுவிட்டு. மருமகள் எடுத்தாள். "அம்மா குளிக்கறாங்க மாமா." சாப்பிட்டுவிட்டு மறுபடி செய்தேன். "அம்மா குளிக்கறாங்க மாமா." ஒரு மனுஷி இவ்வளவு நேரம் குளித்தால் ஒன்று அழுக்கு அதிகம், இல்லாவிட்டால் பொய் அதிகம். என்னிடம் பேசினால் உளறிவிடுவாய் என்று பயமா?

துணி அறைப் பெண்ணுக்கு இப்போது எப்படி இருக்கிறது? ஊசிக்குப் பிறகு என்ன செய்தார்கள்? எனக்கும் அதே கதிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவளுடைய விலாசத்தை அனுப்பு, நானே எழுதிக் கேட்கிறேன்.

அண்ணன்


மார்ச் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உனக்கு வலி மேலே ஏறியது அறிந்து எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. பயிற்சியை ஒரு நாளும் விடாதே.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவளுக்குக் கொஞ்ச நாளாகப் படி ஏறும்போது கால் நுனி தட்டுகிறது. இப்போது வேலைக்கு வருவதில்லை. அவளை வைத்து உன்னைக் கணக்குப் போடாதே. அவள் கதை வேறு, உன் கதை வேறு. இனி அவளைப் பற்றிக் கேட்காதே அண்ணா.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

தங்கை


ஏப்ரல் 6

பொடிசுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. உன்னிடமிருந்து நாலு வாரமாக ஒரு வரி இல்லை. இரண்டு கடிதம் போட்டேன். போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இப்போது குளிக்கக்கூட ஆளில்லை போலிருக்கிறது.

போன மாதக் கடைசியில் உன் அண்ணி, தன் அக்காவுக்கு உடம்பு சரியில்லை, பார்த்துவிட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நானும் சரி என்றேன். மூன்றாம் நாள் போன் வந்தது. எடுத்தால் அந்த அக்காவே பேசுகிறாள்! "என்ன மாப்பிள்ளை, என் தங்கச்சி இருக்காளா?" குரல் கணீரென்று இருக்கிறது. "நீங்க சீக்குன்னு சொன்னாளே?" என்றேன். "எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றாள்.

முப்பது வருஷமாக அடுத்தவர் பொய்யைப் பிடித்துப் பிழைத்தவன் நான். என் வீட்டிலேயே ஒருத்தி டிக்கெட் இல்லாமல் பயணம் போயிருக்கிறாள்.

திரும்பி வந்தவளின் கண் வீங்கியிருந்தது. செருப்பில் ஒட்டியிருந்த மண் சிவப்பு. அவள் அக்கா ஊர் மண் கறுப்பு. சிவப்பு மண் உன் ஊரில்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் கேஸை உன் ஊரில் யாரோ பெரிய டாக்டரிடம் கொண்டுபோயிருக்கிறீர்கள். அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டுத்தான் அவள் அழுதிருக்கிறாள். அதனால்தான் உனக்கும் எழுதக் கை வரவில்லை.

எனக்கு என்னதான் இருக்கிறது பொடிசு? எவ்வளவு மோசமானாலும் சொல்லிவிடு. காலில் வலி குறைந்துவிட்டது, தெருமுனை வரை நடக்கிறேன். அணையப்போகிற விளக்கு இப்படித்தான் பிரகாசமாக எரியும் என்று நானே படித்திருக்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 17

அன்புள்ள அண்ணா,

நலம். தாமதத்துக்கு வருந்துகிறேன். விடுதியில் வேலை நெருக்கடி.

உனக்கு ஒன்றும் இல்லை. சத்தியமாக ஒன்றும் இல்லை. உன்னைப் பற்றி நாங்கள் எந்த டாக்டரிடமும் போகவில்லை. நீ சரியாகிக்கொண்டிருக்கிறாய், அதனால்தான் வலி குறைகிறது. வேறு காரணம் தேடாதே. அண்ணியைக் கோபிக்காதே. அவர்கள் மாதிரி ஒரு மனுஷி கிடைக்க மாட்டார்கள்.

இந்தப் பக்கம் கிளம்பி வருகிற எண்ணம் வேண்டாம். இவ்வளவு தூரம் உன் இடுப்பு தாங்காது.

தங்கை


ஏப்ரல் 23

என் பொடிசுக்கு,

உன் கடிதத்தைக் கையில் எடுத்ததும் முதலில் என் கண்ணில் பட்டது விஷயமில்லை, பென்சில். மொட்டைப் பென்சிலில் எழுதியிருந்தாய், வரிகள் மலையேறி இறங்கின. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நீ. ஏன் பென்சில்? எழுதி எழுதி அழிக்கவா? உண்மையை எழுதிவிட்டு ரப்பரால் தேய்த்தாயா? தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அழித்த தடம் ஒன்றுகூட இல்லை.

சூடாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தால்தான் இடுப்பு இன்னும் கத்துகிறதே. கட்டிலில் மல்லாந்து படுத்து, அட்டையை மேலே தூக்கிப் பிடித்து எழுதினேன். "என்னை ஏமாற்றியது போதும்" என்பதற்குள் பேனா நின்றுவிட்டது. உதறினேன், இரண்டு எழுத்து எழுதி மறுபடி நின்றது. வேறு பேனா எடுத்தேன். அதுவும் அப்படியே. "ஏய், இந்த வீட்டுல உருப்படியா ஒரு பேனா இருக்கா?" என்று கத்தினேன். உன் அண்ணி சமையலறையிலிருந்தே சொன்னாள்: "மல்லாக்கப் படுத்து எழுதினா மை எப்படிங்க இறங்கும்? பென்சில் எடுத்துக்குங்க."

சொன்னவளுக்கே சொன்ன பிறகுதான் புரிந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. எனக்கும் கை நின்றுவிட்டது.

எழுந்து போனேன். அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள்.

"பொடிசு படுத்திருக்காளா?"

அடுப்பை அணைத்தாள்.

"துணி அறையில ஒருத்தின்னு எழுதினாளே, அது அவளேதானா?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அண்ணன் பயந்து எந்த வைத்தியமும் பண்ணிக்க மாட்டான், அவனுக்குச் சரியாகட்டும், அப்புறம் சொல்லலாம்னா."

பிறகு எல்லாம் சொன்னாள். உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் நின்றுபோய், இரண்டு நாள் நீ யாரிடமும் சொல்லாமல் இருந்ததைச் சொன்னாள். மருமகள் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதையும், அன்றைக்கே முதுகைத் திறந்ததையும் சொன்னாள். எனக்கு எழுதினாயே, மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதே, அந்த நிமிடமே போ என்று! அதை எழுதிய கைக்கு அது தெரியாதா?

அண்ணியைத் திட்டவில்லை. திட்டத் தோன்றவில்லை. "உக்காருங்க" என்றாள். "உக்காந்தா வலிக்குதுடி" என்றேன். இரண்டு பேரும் நின்றுகொண்டே அழுதோம்.

வராதே என்று எழுதியிருக்கிறாய். ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. உட்கார முடியாவிட்டால் நிற்கிறேன். இந்தக் கடிதம் முந்துமோ நான் முந்துவேனோ தெரியாது.

அண்ணன்


மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் சத்தியத்தை உடைத்ததற்கு எனக்குக் கோபம் இல்லை. வந்திருந்தபோது உங்களிடம் பென்சிலைக் கேட்டு வாங்கியவள் நான்தானே. அண்ணன் இங்கே சௌக்கியம். அவனால் மற்றவர்கள்தான் சௌக்கியமாக இல்லை.

வந்த அன்றைக்கு வார்டு வாசலில் நின்றான். ராத்திரி முழுக்க ரயிலில் நின்றும் நடந்தும் வந்தவன், முகம் வெளுத்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும், "குளிச்சு முடிச்சாச்சா?" என்றான். சிரிக்க ஆரம்பித்தவள் அழுகையில் போய் நின்றேன்.

மறுநாளிலிருந்து விசாரணை. ஆபரேஷன் செய்த டாக்டரிடம், "ஏன் அன்னைக்கே பண்ணீங்க?" என்று கேட்டான். அவர் பொறுமையாக, "நரம்புக் கத்தையே நசுங்கிட்டு இருந்துச்சு. இதுல காத்திருக்க முடியாது" என்றார். "அப்ப எனக்கு ஏன் காத்திருக்கச் சொன்னாங்க?" என்று தன் கதையை ஆரம்பித்தான். அவர் அவனையும் குதிகாலால் நடக்கவைத்துப் பார்த்துவிட்டு, "உங்க டாக்டர் சொன்னது சரிதான்" என்று சொல்லிவிட்டார். ஊமை டாக்டர் மேல் இருந்த வழக்கு அன்றோடு தள்ளுபடி.

அண்ணி, இப்போது எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சிறுநீர்க் குழாயை எடுத்துவிட்டு, தானாகப் போகிறதா என்று பார்த்து என்னை வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். எனக்கு எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும். சிஸ்டர் வந்து, "போச்சாம்மா? சிரமமில்லாம போச்சா?" என்று கேட்டாள். "போச்சு சிஸ்டர்" என்றேன். அவளும் எழுதிக்கொண்டாள். சுவரோரமாக நின்றுகொண்டிருந்த அண்ணன் என் முகத்தையே பார்த்தான். உங்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

"சிஸ்டர், அவ காலையில இருந்து கட்டிலை விட்டு இறங்கவே இல்ல."

"அண்ணா, சும்மா இரு."

"நான் இங்கேயேதான் நிக்கறேன். இறங்கல. பொய் சொல்றா."

எல்லார் முன்னாலும் அவன் அப்படிச் சொன்னதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பேன். டாக்டர் வந்து வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்தார். சிறுநீர்ப்பை நிறைந்து விம்மிக் கிடந்திருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. முட்டுகிறது என்கிற உணர்வே இல்லை. இப்படியே வீட்டுக்குப் போயிருந்தால் கிட்னி வரைக்கும் போயிருக்கும் என்றார். மறுபடி குழாய் வைத்தார்கள். இன்னும் சில வாரம் இருந்து, நேரம் பார்த்து நானே குழாய் விட்டு எடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அன்று மாலை வரை அவனோடு பேசவில்லை. விளக்கு போடுகிற நேரத்தில் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "பயமா இருக்கா?" என்றான். இத்தனை மாதத்தில் நான் அந்தக் கேள்விக்காகத்தான் ஒளிந்துகொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. தலையை ஆட்டினேன். "எனக்கும்" என்றான்.

அவனை இந்த வாரக் கடைசியில் அனுப்பிவைக்கிறேன். பயிற்சியை இங்கேயும் விடவில்லை. வார்டு நடுவில் விரிப்பைப் போட்டுக் குப்புறப் படுத்துப் படம் எடுக்கிறான். பக்கத்துக் கட்டில்காரர்களுக்குப் பொழுது போகிறது.

உங்கள் அன்புள்ள
நாத்தனார்


ஜூலை 2

அன்புள்ள பொடிசுக்கு,

வீட்டில் யாவரும் நலம், அண்ணி மறுபடி என்னோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டாள், எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. வேலைக்குப் போகிறேன். இன்னும் கொஞ்ச நாள் பஸ்ஸில் ஏற வேண்டாமென்று டிப்போ அலுவலகத்தில் போட்டிருக்கிறார்கள். மேசையை உயர்த்தி நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். வலி புட்டத்தில் ஒரு புள்ளியாக இருக்கிறது. தும்மினால், "நான் இன்னும் போகவில்லை" என்று ஒரு குரல் கொடுக்கிறது. ஊமை டாக்டரிடம் போய் நன்றி சொன்னேன். "ம்" என்றார்.

ஒரு காமெடி. மீசைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்க் கட்டிலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். பிறகு பாவமாக இருந்ததால் தலையணையை முழங்காலுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தேன்.

இப்போது உன் விஷயம். மருமகளிடம் போனில் கேட்டால் "பரவாயில்ல மாமா" என்கிறாள். பரவாயில்லை என்பது பதில் அல்ல. பாதம் தூக்குகிறதா இல்லையா? குழாய் நின்றதா இல்லையா? உட்காரும் இடத்தில் உணர்வு எவ்வளவு? கூச்சப்படாமல் எழுது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் பயந்து வைத்தியத்தை விட்டுவிடுவேன் என்று மறைத்தாய் என்றாள் அண்ணி. அது பாதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி என்ன?

அண்ணன்


ஆகஸ்ட் 18

அன்புள்ள அண்ணா,

நீ கேட்ட வரிசையிலேயே எழுதுகிறேன். உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் உணர்வு வந்திருக்கிறது, மறுபக்கம் இன்னும் மரக்கட்டைதான். அது வராமலே போகலாம் என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். குழாய் முழுக்க நிற்கவில்லை. பகலில் தானாகப் போகிறது, படுக்கும் முன் ஒரு முறை நானே விட்டு எடுக்கிறேன். முதல் வாரம் அழுதேன். இப்போது பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது. இடது பாதத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி கொடுத்திருக்கிறார்கள், ஷூவுக்குள் வைத்து நடக்கிறேன். விடுதியில் மூட்டை தூக்கும் வேலை வேண்டாமென்று, கிழிசல் பார்த்துப் பிரிக்கிற வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். உயரமான நாற்காலி, பக்கத்தில் ஜன்னல். ஒரு விரிப்பையும் கிழிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் விடுவதில்லை. உன் ரத்தம்தானே.

மீதிப் பாதியைக் கேட்டிருந்தாய். உன்னிடம் சொன்னால் நீ கேள்வி கேட்பாய். நீ கேள்வி கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். பதில் சொன்னால் எனக்கே தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன் அண்ணா. அந்த இரண்டு நாளும் படுத்துக்கொண்டு, இது வேறு யாருக்கோ நடக்கிறது, துணி அறையில் ஒருத்திக்கு நடக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உனக்கு எழுதி எழுதி அவளை நானே நிஜமான ஒருத்தியாக ஆக்கிவிட்டிருந்தேன். அவளுக்காகப் பரிதாபப்பட முடிந்தது. எனக்காக எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் முடியவில்லை.

மகள் நலம். உனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டுமாம், கடைக்கு வரச் சொல்கிறாள்.

கடைசியாக ஒரு செய்தி. இன்று காலை தாங்கியைக் கழற்றிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். இடது காலின் கட்டைவிரல் அசைந்தது. நானாக நினைத்து, நானாக அசைத்தேன். மகளைக் கூப்பிட்டு மறுபடி செய்தேன். தரையிலிருந்து ஒரு அரிசி உயரம் எழும்பியது. அவள் பார்த்தேன் என்கிறாள். ஆனால் அவள் என் மேல் உள்ள பாசத்தில் எதையும் பார்த்தேன் என்பாள்.

நீ நம்ப மாட்டாய். நம்ப வேண்டாம். கிளம்பி வந்து நீயே பார்.

உன் பொடிசு